வாசலில் வந்து தமிழரைக் கூப்பிட்டவள்

என் மச்சான் கனடாவில் இருக்க வேண்டியவர். இது நான் சொல்வதல்ல; அவரே சொல்வது. பாரிசின் லா சப்பலில், ரூ காய் தெருவில் இருக்கும் அவருடைய மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் வாங்குகிற எவரும் இந்தச் செய்தியையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வரலாம். மெத்ரோ ஓடாத நாளில், "நான் கனடாவிலை இருக்க வேண்டியவன்." கத்தரிக்காய் வாடி வந்தால், அதே. பிள்ளைகள் பிரெஞ்சில் வாய் காட்டினால், "கனடாவிலை எண்டால் இங்கிலீசிலை ஏசியிருக்குங்கள். பாதியாவது விளங்கியிருக்கும்." அங்கே சைபருக்குக் கீழே முப்பது என்று யாராவது நினைவூட்டினால், "அது காய்ஞ்ச குளிர். உடம்புக்கு நல்லது" என்பார்.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் தமையனை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் கனடா போகாமல் விட்ட கதையை நான் குறைந்தது நூறு தரம் கேட்டிருப்பேன்.

தொண்ணூறுகளில் அவரைக் கனடாவுக்கு அனுப்புவதாக ஏற்றுக்கொண்ட ஏஜென்சிக்காரன், குவாத்தமாலாவில், மெக்சிக்கோ எல்லைக்குக் கிட்டிய ஒரு சிறு நகரத்தில் ஒரு வீட்டு அறைக்குள் கொண்டுபோய் விட்டான். பதினொரு பேர். யன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருந்தது. வெளியே போகக்கூடாது, உரத்துக் கதைக்கக்கூடாது, தும்மலைக்கூடத் தலையணைக்குள் தும்ம வேண்டும். அரிசியும் முட்டையும் உள்ளே வரும். ஆட்கள் வெளியே போவதில்லை. இப்படி மூன்று மாதம்.

இரண்டாவது கிழமையிலிருந்து ஒரு பெண் குரல் வரத் தொடங்கியது. விடிந்ததும் வாசலுக்கு நேரே வந்து நின்று இழுத்துக் கூப்பிடும். "தமாலே... தமாலே..." கொழும்பிலே சோதனைச்சாவடியில் மறித்து "தெமளத?" என்று கேட்ட குரல்கள் காதிலிருந்து இன்னும் இறங்காத காலம். தமிழரைச் சிங்களத்தில் "தெமள" என்பார்கள். உலகத்தைச் சுற்றி வந்து ஒளித்திருந்தாலும் ஒருத்தி வாசலில் நின்று அதே சொல்லால் கூப்பிடுகிறாள் என்றால் என்ன செய்வது? லைட்டை அணைத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, அவள் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்களாம்.

"நாட்டின்ர பேரைப் பார். குவாத்-தமாலா. பேரிலையே எங்களைக் காட்டிக் குடுத்து வைச்சிருக்கிறாங்கள்" என்பார் மச்சான்.

மூன்றாம் மாத முடிவில் ஒருநாள் அவள் கூப்பிட்டதோடு நிற்கவில்லை; இரும்புக் கேற்றையும் தட்டினாள். பத்துப் பேர் கட்டிலுக்கு அடியில் போனார்கள். மச்சான் மட்டும் பின்மதிலால் பாய்ந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மூன்று மாதத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு பொலிஸ்காரரின் வீட்டு முற்றம் இருந்தது. அவர் பல் தீட்டிக்கொண்டு நின்றார்.

மச்சானைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். கட்டிலுக்கு அடியில் போன பத்துப் பேரும் அடுத்த மாதம் டொரோண்டோவில் இருந்தார்கள். அதில் ஒருவருக்கு இன்று இரண்டு வீடும் பனி தள்ளுகிற மெசினும் இருக்கின்றன. மச்சான் இரண்டு வருடம் கழித்து வேறொரு பாதையால் பாரிசுக்கு வந்தார். மரக்கறிக்கடை வைத்தார். தங்கச்சியைக் கூப்பிட்டார். அந்தத் தங்கச்சியை எனக்குக் கட்டிவைத்தார்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். நாற்பத்தாறாவது வயதில் எனக்கு மோட்டார்சைக்கிள் பைத்தியம் பிடித்தது. யூடியூப்பில், சேறு தெறித்த பெரிய பைக்கில் எரிமலைகளுக்கு நடுவே போகும் தாடிக்கார வெள்ளையர்களைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனேன். பெரிய பைக்குக்கான பெர்மி, அதாவது லைசென்ஸ், எடுக்க மூன்று தரம் போனேன். முதல் இரண்டு தரமும் மெதுவாக ஓட்டிக் காட்டச் சொன்ன இடத்தில் விழுந்தேன். "மிஸ்யூ, வேகமாக ஓடினால் எல்லாரும் நிமிர்ந்துதான் நிற்பார்கள், மெதுவாக ஓடும்போதுதான் ஆள் யார் என்று தெரியும்" என்றார் சோதித்தவர். வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பைக்கைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

ஓகஸ்ட்டில் எங்கள் உணவகம் பூட்டு. 2015 என்று நினைக்கிறேன், அந்த ஓகஸ்ட்டில் நிக்கராகுவாவில் வாடகைக்குப் பைக் எடுத்து, ஹொண்டுராஸ், எல் சல்வடோர் தாண்டிக் குவாத்தமாலா வரைக்கும் ஓடப் போவதாக மச்சானின் கடையில் நின்று அறிவித்தேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "தம்பி, இந்தா பக்கத்திலை இருக்கிற ஆர்ஜொந்தெய்க்குப் போற ரெயினையே பிழையாய் ஏறுற ஆள் நீர்" என்றார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"குவாத்தமாலாவோ? நானும் வாறன்."

"உங்களுக்கு என்ன மச்சான் அலுவல் அங்கை?"

"அந்த மனிசியைக் காணோணும். ஒரேயொரு கேள்வி. 'நான் உனக்கு என்ன செய்தனான்?' அவ்வளவும்தான்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மனைவி என் பெட்டியை அடுக்கும்போது சொன்னாள்: "அண்ணையைப் பத்திரமாய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் விழுந்து எழும்பிப் பழகின ஆள்."

நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் பைக் எடுத்த கடையில் என் மானம் முதல்முறை போனது. நான் பெரிய பைக்கைத்தான் பதிவு செய்திருந்தேன். அதன் சீட் ஆறடி ஆளுக்காகச் செய்தது. ஏறி இருந்தால் ஒரு காலின் பெருவிரல் மட்டும் நிலத்தைத் தொடும். மற்றக் கால் ஆகாயத்தில். மச்சான் மூலையில் நின்ற சின்ன இந்தியத் தயாரிப்பு பைக் ஒன்றைக் கண்டு, சொந்தக்காரரைக் கண்டவர்போல் தட்டிக்கொடுத்தார். "இது காணும்." கடைக்காரரிடம் ஆங்கிலத்திலும் கைகளாலும் விளக்கி, தன் கேள்வியை ஸ்பானிஷில் எழுதுவித்து, அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கே லே இசே யோ?" நான் உனக்கு என்ன செய்தேன்?

ஸ்பானிஷ் என் பொறுப்பு. உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவரிடம் இரண்டு மாதம் படித்திருந்தேன். அவர் போர்த்துக்கல்காரர் என்பதும், கற்பித்தது போர்த்துக்கீச மொழி என்பதும் முதலாவது பெற்றோல் நிலையத்தில் தெரிந்தது. அங்கே வேலை செய்தவன் "கசொலினா?" என்று கேட்டான். பாரிஸில் டீசலை "கஸ்வால்" என்று சொல்லிப் பழகிய நான், டீசலை ஊற்றப் பார்க்கிறான் என்று பயந்து, "நோ! நோ!" என்று டாங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் திரும்பத் திரும்பக் கசொலினா என்கிறான். நான் திரும்பத் திரும்ப உயிரைக் கொடுத்து மறுக்கிறேன். பின்னால் லொறிகள் ஹோர்ன் அடிக்கின்றன. கடைசியில் மச்சான் இறங்கிப்போய் குழாயை மணந்து பார்த்துவிட்டு, "பெற்றோலடா விசரா" என்றார்.

அதன்பிறகு பாதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. காலையில் வெயில், இரண்டு மணிக்கு மழை. மழை என்றால் வானத்திலிருந்து வாளியால் ஊற்றுவது. ஊற்றி முடிந்ததும் தார் ரோட்டிலிருந்து ஆவி எழும்பும். இடது பக்கம் கரும்பு, வலது பக்கம் எரிமலை, நடுவில் பன்றி. பன்றி வழிவிடாது; அதுதான் உரிமையாளர். நான் பெரிய பைக்கில் பாய்ந்து முன்னால் போவேன். ஏதாவது சந்தியில் நிறுத்தும்போது கால் எட்டாமல் மெதுவாகச் சரிந்து விழுவேன். மச்சான் பின்னால் டுக்குடுக்கென்று வந்து, நிறுத்தி, என்னையும் பைக்கையும் நிமிர்த்திவிட்டு, "போ, முன்னுக்குப் போ" என்பார்.

ஹொண்டுராஸ் எல்லையில் மச்சானின் பெட்டியைத் திறந்தார்கள். தங்கச்சி இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் பை மழையில் உடைந்திருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். ஏழு தரம் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்கள் தாள்களில் முத்திரை குத்தினார். அவ்வளவு கெதியாக ஒரு எல்லையை நான் எப்போதும் கடந்ததில்லை.

இரவுகளில் தங்கிய அறைகளில் மச்சான் துண்டை எடுத்து வைத்துக் கேள்வியைப் பாடமாக்குவார். நான் அந்த மனிசியாக நடிக்க வேண்டும். "கே லே இசே யோ?" "இன்னும் கொஞ்சம் கோவமாய், மச்சான்." "கோவம் வேண்டாம். எனக்குக் கோவம் இல்லை. காரணம் தெரிஞ்சால் காணும்." அதைக் கேட்டபிறகு என்னால் நடிக்க முடியவில்லை.

எல் சல்வடோரில் மச்சானின் பின் டயர் காற்றுப் போனது. அவரை ரோட்டோர டயர்க் கடையில் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் தகரக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"தமாலேஸ்! தமாலேஸ்!"

பாரிஸில் இருபது வருடம், பையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. ஆனாலும் கழுத்து தானாகத் திரும்பியது. கை தானாகக் கடவுச்சீட்டைத் தொட்டது. துணி மூடிய கூடையோடு ஒரு பெண் நின்றாள். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாளோ என்னவோ, துணியை விலக்கிக் காட்டினாள். வாழையிலையில் கட்டிய பொட்டலங்கள். ஆவி பறந்தது. ஒன்றைப் பிரித்தேன். சோள மா, உள்ளே ஒரு துண்டுக் கோழி. களிக்கும் கொழுக்கட்டைக்கும் நடுவே ஏதோ ஒன்று. இதற்குப் பெயர் தமால்.

ஒரு வாய் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

பதினொரு பேர் அடைந்து கிடந்த வீடு. உள்ளே போகிற அரிசியையும் முட்டையையும் பார்த்து, பதினொரு வயிறாவது இருக்கும் என்று கணக்குப் போட்டு, தினமும் காலையில் அந்த வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்று கூவிய ஒரு வியாபாரி. மூன்று மாதமாகியும் ஒருவரும் வாங்கவில்லையே என்று ஒருநாள் கேற்றையும் தட்டிப் பார்த்திருக்கிறாள். மச்சானின் கனடாவைத் தட்டிப் பறித்தது ஒரு கொழுக்கட்டை.

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பகிடிகளில் ஆகச் சிறந்தது இதுதான். செத்த வீட்டில்கூட வாயை மூட முடியாத ஆள் நான். தெருவைக் கடந்து ஓடிப்போய்ச் சொல்லத்தான் கால் எடுத்தேன். அந்தப் பக்கம் மச்சான், டயர்க்காரனுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, துண்டைப் பார்த்துப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

காலை இறக்கிவிட்டேன். இருபது வருடமாக அந்த மனிதருக்கு ஒரு துரோகி இருந்தாள். அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கூடையை வைத்தால், அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

"என்னடா சாப்பிடுறாய்?" என்று வந்தார் மச்சான்.

"மா... மாப் பண்டம். உங்களுக்கு ஒத்துவராது. வாயு."

அடுத்த இரண்டு நாளும் நான் ஓட்டிய ஓட்டம் எந்தத் தாடிக்கார வெள்ளையனும் ஓட்டாதது. எங்கே பலகையில் "தமாலேஸ்" என்று எழுதியிருந்ததோ அங்கே எரிமலையைக் காட்டுவேன். எரிமலை இல்லாத இடத்தில் மேகத்தைக் காட்டுவேன். "உனக்கு மழைக் காய்ச்சலோ?" என்று கேட்டார்.

குவாத்தமாலாவுக்குள் வந்ததும் "தூமுலோ" என்று ஒரு மஞ்சள் பலகை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகளின் பள்ளிக்கூடப் பயணத்தோடு பிரான்சின் பிரெத்தாஞ் பக்கம் போனபோது, பழங்காலத்துப் புதைமேட்டைக் காட்டி "தூமுலுஸ்" என்று சொல்லித் தந்திருந்தார்கள். "மச்சான்! முன்னுக்கு மாயா ஆக்களின்ர கல்லறை ஒண்டு வருது!" என்று கத்திக்கொண்டே கல்லறையைத் தேடி இடப்பக்கம் பார்த்தேன். அந்த நாட்டில் தூமுலோ என்றால் வேகத்தடை. பைக் எழும்பியது, நான் அதைவிட உயரமாக எழும்பினேன், திரும்ப வரும்போது பைக் அங்கே இல்லை. சேற்றில் கிடந்த என்னை மச்சான் குனிந்து பார்த்தார்.

"கல்லறை எண்டது சரிதான். உனக்குத்தான் கட்டி வைச்சிருக்கிறாங்கள்."

முழங்கை உரசியதும் ஒரு கண்ணாடி போனதும் தவிர சேதமில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். மச்சானுக்கு அடையாளம் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையே. தேவாலய மணி எந்தப் பக்கமிருந்து கேட்டது, லொறி எந்தப் பக்கம் கியர் மாற்றியது என்று காதை வைத்துத்தான் தேடினார். கண்ணை மூடிக்கொண்டு தெருமுனையில் நிற்பார். பிறகு "இது இல்லை" என்பார். நாலாவது தெருவில் நின்றார். நீல இரும்புக் கேற் வைத்த வீடு இப்போது மோட்டார்சைக்கிள் திருத்துகிற கடை. பின்மதில் இருந்தது. "இவ்வளவு உயரத்தையோ பாய்ஞ்சனான்?" என்றார். எனக்கு அது அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை. சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் நான் சொல்லாமல் விட்டவை அதிகம்.

அந்தத் தெருவில் பல வீட்டு வாசல்களில் சிவப்பு பல்பு எரிந்தது. பாரிஸில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு வாசலில் சிவப்பு லைட் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மச்சான் முகத்தைச் சுளித்தார். "சீ! என்ர காலத்திலை இது மரியாதையான தெரு." விடுதிக்கார அம்மாவிடம் நான் தனியாகக் கேட்டேன். சனிக்கிழமைகளில் தமால் விற்கிற வீட்டுக்காரர் அப்படி லைட் போடுவார்களாம். மச்சானிடம் போய், "ஓம் மச்சான், தெரு கெட்டுப்போச்சு" என்றேன்.

அதே தெருவில் மாடி அறை. படுக்கப் போகும்முன் சொல்லிவிட வேண்டும் என்று நான்கு தரம் வாயைத் திறந்தேன். சிரிப்பு இல்லாமல் ஒரு விசயத்தைச் சொல்ல எனக்கு வராது. நான்கு தரமும் "லைட்டை நூக்கவோ, படுப்பமோ?" என்று கேட்டு முடித்தேன்.

விடியற்காலையில் நான் எழும்பி லைட்டைப் போட்டுச் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தபோது கேட்டது.

"தமாலே... தமாலே..."

மச்சான் துடித்து எழும்பினார். ஓடிப்போய் லைட்டை அணைத்தார். இருட்டில் என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். "சத்தம் போடாதை" என்றார், காற்றாக. மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார். அறுபது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையைத் தனியாகத் தூக்குகிற கை.

"மச்சான்," என்றேன், "அது சாப்பாடு."

அவர் யன்னல் பக்கம் காதைத் திருப்பினார்.

"சோள மாவிலை கொழுக்கட்டை மாதிரி. உள்ளுக்குக் கோழி. பேர் தமால். வித்துக்கொண்டு போறாள். அண்டைக்கும் வித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்."

என் வாழ்க்கையில் நான் சிரிக்காமல் சொன்ன ஒரே பகிடி அது.

மச்சான் நெடுநேரம் என் கையை விடவில்லை. பிறகு எழும்பினார். தலை சீவினார். வெள்ளைச் சட்டையை மாட்டினார். துண்டு பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். படியிறங்கிப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

கூடைக்காரிக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. அன்று கூவியவள் இவளுடைய தாயாக இருந்திருக்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லாதவளாகவும் இருக்கலாம். மச்சான் அவளுக்கு முன்னால் போய் நேராக நின்றார். துண்டைப் பார்க்காமல், மெதுவாக, பிழையில்லாமல் கேட்டார்.

"கே லே இசே யோ?"

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவர் ஞாயிறு காலையில் வந்து 'நான் உனக்கு என்ன செய்தேன்' என்று கேட்டால் என்ன சொல்வது? கொஞ்சம் யோசித்துவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"நாதா, செஞ்ஞோர்."

மச்சான் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னடா, நாதா எண்டுறாள்?"

"ஐயோ மச்சான், நாடகத்து நாதா இல்லை. 'ஒண்டும் இல்லை' எண்டு அர்த்தம். நீங்கள் ஒண்டும் செய்யேல்லையாம்."

"ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

அவள் பொறுமையிழந்து கூடைத் துணியை விலக்கினாள். கோழியா, பன்றியா என்று கேட்டாள். மச்சான் இரண்டு விரலைக் காட்டி, "கோழி" என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கியது.

பழைய நீலக் கேற்றுக்கு முன்னால், நடைபாதை ஓரத்தில் குந்திக்கொண்டு சாப்பிட்டோம். மச்சான் ஒன்றை முழுதாகத் தின்று முடித்தார். பிறகு, "உப்புக் காணாது" என்றார். எல்லையில் தப்பிய மிளகாய்த்தூளை எடுத்துவந்து இரண்டாவதில் தூவினார். பாதியில் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் இருந்ததுதான், மிளகாய்த்தூள் என்றார்.

"பல் தீட்டிக்கொண்டு நிண்டவனை நினைச்சனான்," என்றார். "பாவம், பேஸ்ட்டை விழுங்கிப்போட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து: "டொரோண்டோக்காரனுக்குச் சொல்லிப்போடாதை."

ரூ காயில் இப்போது கத்தரிக்காய் வாடி வந்தால் மச்சான் "நான் கனடாவிலை..." என்று தொடங்குவார். நான் பக்கத்தில் நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, வெண்டிக்காயை அடுக்கத் தொடங்குவார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. பேர் போடாதை. மதில் உயரம் எண்டு போடு" என்றார். மதில் உயரம்.

பாரிசுக்குத் திரும்பி வந்து சேர்ந்த அன்று வீட்டில் முழுக் கதையையும் மனைவிக்குச் சொன்னோம். அவள் சிரிக்காமல் கேட்டாள். மச்சான் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"யோசிச்சுப் பார் பிள்ளை. அண்டைக்கு அவள் கேற்றைத் தட்டாட்டி நான் கனடா. நீயும் கனடா. அங்கை ஒரு நல்ல மாப்பிள்ளையாய்ப் பாத்துச் செய்திருப்பன். அவள் கெடுத்தது என்னையில்லை, உன்னை."

மனைவி என்னைப் பார்த்தாள். முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு தமையன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, அந்தத் துண்டு இருக்கோ?"

"ஏன் பிள்ளை?"

"தாங்கோ. அவளிட்டைக் கேக்க எனக்கும் அதே கேள்விதான்."